தறியை விட்டவன் உழைப்பை விட்டவனல்ல

"வேலைக்கு ஆள் கிடைப்பதில்லை, கிடைத்தாலும் நிலைப்பதில்லை." திருவனந்தபுரத்தில் பட்டறை வைத்திருப்பவர், தறி போட்டிருப்பவர், அச்சகம் நடத்துபவர் என்று யாரைக் கேட்டாலும் இந்த ஒப்பாரிதான். இந்தக் காலத்துப் பையன்களுக்குப் பொறுமையில்லையாம். கையில் அழுக்குப் படக்கூடாதாம். நாலு நாள் வந்துவிட்டு ஐந்தாம் நாள் சொல்லாமல் கொள்ளாமல் நின்றுவிடுகிறார்களாம். இந்த வழக்கில் குற்றவாளிக் கூண்டில் ஏற்றப்படுபவன் எப்போதும் விட்டுப் போனவன்தான். அவன் விட்டுப் போன வேலையை யாரும் கூண்டில் ஏற்றி விசாரிப்பதில்லை.

நாம் விசாரிக்க வேண்டும். ஏனென்றால், இந்த இதழைக் கையில் வைத்திருப்பவர்களில் பலர் அப்படி விட்டு வந்தவர்களே. சங்கரன்கோவில் விசைத்தறியை விட்டு வந்தவர் உண்டு. கோவில்பட்டித் தீப்பெட்டி ஆபீசை விட்டு வந்தவர் உண்டு. நூற்பாலையை விட்டு வந்தவர் உண்டு. இவர்களெல்லாம் கூடித்தான் இந்த நகரில் நமக்கு ஒரு சங்கம் உண்டாயிற்று. இதை எழுதுகிற நானும் அப்படி வந்தவனே. அந்தக் கதையைப் பிறகு சொல்கிறேன். முதலில் பக்கத்திலிருக்கும் ஒரு தெருவுக்குப் போய் வருவோம்.

பாலராமபுரத்துத் தெரு

கிழக்கேகோட்டையில் நெய்யாற்றின்கரை பஸ் ஏறினால் கரமனை, நேமம் தாண்டி ஏறக்குறைய 14 கிலோமீட்டரில் பாலராமபுரம். 1798 முதல் 1810 வரை திருவிதாங்கூரை ஆண்ட பாலராம வர்மாவின் பெயரால் அமைந்த ஊர். தளவாய் உம்மிணித் தம்பி, அரண்மனைக்கு வேண்டிய நயமான துணியை நெய்வதற்காகத் தமிழ்ப் பகுதியிலிருந்து சாலியர் குடும்பங்களை அழைத்து வந்து இங்கே குடியமர்த்தினார் என்பது வரலாறு. ஒற்றைத் தெரு, இரட்டைத் தெரு, விநாயகர் தெரு, புதுத் தெரு என்று அவர்களுக்காக அமைந்த தெருக்கள் இன்றும் இருக்கின்றன. இருநூறு ஆண்டுகள் கடந்தும் அந்த வீடுகளில் தமிழ் கேட்கிறது. மலையாளம் கலந்த தமிழ், ஆனாலும் தமிழ்.

ஆகவே, இந்த நகரத்துக்கு உற்பத்தித் தொழிலுக்கென்று அழைத்து வரப்பட்ட தமிழர்களில் இவர்கள் மூத்தவர்கள். நாமெல்லாம் அவர்களுக்குப் பின்னால் வந்தவர்கள். 1956 நவம்பர் 1ஆம் தேதி மாநிலங்கள் பிரிந்தபோது, திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரசார் கேட்ட தாலுகாக்களில் நெய்யாற்றின்கரையும் ஒன்று. அது கிடைக்கவில்லை. அகஸ்தீஸ்வரமும் தோவாளையும் கல்குளமும் விளவங்கோடும் அந்தப் பக்கம் போயின. தறித் தெரு இந்தப் பக்கம் நின்றது.

இங்கே நெய்யப்படுவது முண்டு, நேரியது, சேலை. நாம் சரிகை என்பதை இங்கே கசவு என்கிறார்கள். கசவு சூரத்திலிருந்தும், நூல் பெரும்பாலும் நம் தமிழ்நாட்டு ஆலைகளிலிருந்தும் வருகின்றன. தறியோ குழித்தறி. நாடாவைக் கையாலேயே இப்பக்கமிருந்து அப்பக்கம் எறிந்து பிடிக்க வேண்டும். அதனால்தான் துணிக்கு அந்த நயம். 2009ஆம் ஆண்டு இதற்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. அரசாங்க விருந்தினர்களுக்குப் போர்த்தும் துணியும் இதுதான்; ஓணத்துக்கு நகரமே உடுத்தும் துணியும் இதுதான். நெய்கிறவனைத்தான் காணவில்லை.

கணக்கில் வராத நாட்கள்

சென்ற ஓணத்துக்கு முன்பு ஒரு நாள் அந்தத் தெருவுக்குப் போயிருந்தேன். எழுபதைக் கடந்த ஒரு பெரியவர் குழிக்குள் காலை விட்டு உட்கார்ந்திருந்தார். "ஏன் அண்ணாச்சி, எல்லோரும் தறியை விட்டுட்டுப் போறாங்களே?" என்று கேட்டேன். அவர் நாடாவை நிறுத்தவில்லை.

"தறிதான் எங்கள விட்டுட்டுப் போயி ரொம்ப காலமாச்சு தம்பி. நான்தான் அதப் போவ விடாம கெட்டிப் புடிச்சிட்டு இருக்கேன். ரெண்டு மவன். ஒருத்தன் ஆட்டோ ஓட்டுதான். மத்தவன் டைல்ஸ் போடப் போறான். கொத்தனாருக்குக் கையாளாப் போறவனுக்குக் கிடைக்கதுல பாதி எனக்கு வராது. அவனுக்கு சாயங்காலம் கையில துட்டு. எனக்கு எப்பம் வரும்னு எனக்கே தெரியாது."

இந்த மூன்று வாக்கியங்களில் எல்லாம் அடங்கியிருக்கிறது. கூலி குறைவு, அந்தக் குறைந்த கூலியும் நேரத்துக்கு வராது, அது எப்போது வரும் என்று கேட்பதற்கும் ஓர் இடமில்லை. இவற்றைத் தனித்தனியே பார்க்க வேண்டும்.

கூலி குறைவு என்றால் எப்படிக் குறைகிறது? நெசவாளிக்கு நாள் கணக்கில் கூலியில்லை, உருப்படிக் கணக்கு. நெய்து இறக்கிய துணிக்குத்தான் பணம். ஆனால் துணி தறியில் ஏறுமுன் எத்தனை வேலை! சிட்ட நூலைப் பிரித்துச் சுற்ற வேண்டும். பாவு ஓட வேண்டும். விடியற்காலையில் தெரு நீளத்துக்குப் பாவை விரித்துக் கட்டி, கஞ்சி தோய்த்து, தேங்காய் எண்ணெய் தடவி, இழை ஒட்டாமல் தூரிகையால் நீவிவிட வேண்டும். வெயில் ஏறுமுன் பலர் சேர்ந்து முடிக்க வேண்டிய வேலை இது. பிறகு பழைய பாவின் இழையோடு புதிய பாவின் இழையை ஒவ்வொன்றாகப் பிணைக்க வேண்டும். ஊடைக்குத் தார் சுற்ற வேண்டும். இந்த வேலைகளில் பாதிக்கு மேல் செய்வது வீட்டுப் பெண்கள். அவர்கள் பெயர் எந்தக் கூலிப் பேரேட்டிலும் ஏறுவதில்லை. உருப்படிக்கு ஒரு தொகை பேசப்படும்போது, அதற்குள் மனைவியின் நாளும் தாயின் நாளும் இலவசமாகக் கரைந்துவிடுகின்றன.

மழை நாட்கள் வேறு. திருவனந்தபுரத்துக்கு ஆண்டில் இரண்டு மழைக்காலம். மழை பெய்தால் தெருவில் பாவு விரிக்க முடியாது; குழித்தறியின் குழியில் ஈரம் ஊறும். அந்த நாட்களுக்கு யார் கூலி தருகிறார்கள்? யாருமில்லை. ஓணம் முடிந்தால் வாங்குவோரும் குறைவு. முதலாளி நெசவாளர் முன்பணம் தந்து தாங்குவார். அந்த முன்பணமே அடுத்த ஓணத்துக்குக் கூலியைக் கூட்டிக் கேட்க விடாமல் வாயைக் கட்டிப்போடும்.

இதையும் வெளியிலிருக்கும் கூலியையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ரிசர்வ் வங்கி வெளியிட்ட கணக்கின்படி, 2022-23இல் கேரளக் கிராமப்புறக் கட்டட வேலையாளின் சராசரி நாட்கூலி 852 ரூபாய். அகில இந்திய சராசரி 393 ரூபாய். ஊரக வேலை உறுதித் திட்டத்தில் புல் வெட்டுவதற்கும் ஓடை தூர்வாருவதற்கும் 2024-25இல் கேரளத்தில் தரப்பட்ட கூலி 346 ரூபாய். ஆறு வயதில் தார் சுற்றி, பன்னிரண்டு வயதில் குழியில் இறங்கி, ஆயுள் முழுவதும் கற்ற கைத்திறனுக்கு, கற்காமலே செய்யக்கூடிய வேலையின் கூலிகூட நிச்சயமில்லை என்றால், அவனை எந்த வாயால் "பொறுமையில்லாதவன்" என்பது?

இரண்டாவது குறை, தாமதம். இது கூலிக் குறைவைவிடக் கொடியது. 1961இல் தோன்றிய ஹான்டெக்ஸ் என்னும் மாநிலக் கூட்டுறவு அமைப்பும் அதன் கீழுள்ள ஆரம்ப சங்கங்களும் நெசவாளியை இடைத்தரகரிடமிருந்து காப்பதற்கென்றே ஏற்பட்டவை. ஆனால் சங்கத்துக்கு மேலிடம் பாக்கி, மேலிடத்துக்கு அரசாங்கம் ரிபேட் பாக்கி என்று படிக்குப் படி பாக்கி இறங்கி வந்து, கடைசிப் படியில் நெசவாளி வீட்டு அடுப்பில் நிற்கிறது. 2017இல் பள்ளிப் பிள்ளைகளுக்குக் கைத்தறிச் சீருடை வழங்கும் திட்டத்தைக் கேரள அரசு கொண்டுவந்தது. நல்ல திட்டம் என்பதில் நமக்கு ஐயமில்லை. மூடிக்கிடந்த தறிகள் பல மீண்டும் ஓடின. ஆண்டு முழுவதும் வேலை என்ற நம்பிக்கை பிறந்தது. ஆனால் அதிலும் மாதக்கணக்கில் கூலி நிலுவை நின்ற காலங்கள் வந்தன. அரசாங்க அதிகாரிக்கு மூன்று மாதம் சம்பளம் நின்றால் செய்தித்தாள் முழுவதும் அதுவாக இருக்கும். நெசவாளிக்கு நின்றால், அவன் சத்தமில்லாமல் சித்தாள் வேலைக்குப் போவான். அப்போதும் செய்தி வரும்: "கைத்தறியில் ஆளில்லை" என்று!

நிலைத்தவனையும் பாருங்கள்

உற்பத்தித் தொழிலே மக்களுக்குப் பிடிக்கவில்லை என்பது பொய். இதே நகரத்தில் கொச்சுவேளியில் 1946இல் நிறுவப்பட்ட டைட்டானியம் தொழிற்சாலை இருக்கிறது. பேரூர்க்கடையில் 1966இல் தோன்றிய ஹிந்துஸ்தான் லேட்டக்ஸ் நிறுவனத்தின் ஆலை இருக்கிறது. அங்கும் வெப்பம் உண்டு, நெடி உண்டு, இரவு ஷிப்டு உண்டு. ஆனாலும் இத்தகைய ஆலைகளில் நிரந்தர வேலைக்குக் காத்திருப்போர் எத்தனை பேர்! உள்ளே நுழைந்தவர் ஓய்வு பெறும் நாள்வரை வெளியே வர நினைப்பதில்லை. அவர்களும் நம்மைப் போன்ற மனிதர்கள்தாமே? மாதம் பிறந்தால் சம்பளம், நோய் வந்தால் வைத்தியம், வயதானால் ஓய்வுத் தொகை, குறை இருந்தால் பேசுவதற்குச் சங்கம். இவை இருக்கும் இடத்தில் மனிதன் நிலைக்கிறான்.

சாலைக் கம்போளத்தில் சுமடு எடுக்கும் தொழிலாளியையும் பாருங்கள். மூட்டை சுமப்பது சுகமான வேலையா? 1978இல் சுமட்டுத் தொழிலாளர் சட்டம் வந்தது. அவர்கள் கூடினார்கள், கேட்டார்கள், பெற்றார்கள். கைத்தறித் தொழிலாளிக்கும் 1989இல் நலநிதிச் சட்டம் வந்தது. ஆனால் சுமடு எடுப்பவன் நூறு பேரோடு ஒரே சந்தையில் நிற்கிறான். நெசவாளி தன் வீட்டுக் குழிக்குள் தனியாக உட்கார்ந்திருக்கிறான். சட்டம் ஒன்றுபோல் இருந்தாலும் பலம் ஒன்றாக இல்லை.

உலகத்துக்கே இயந்திர உற்பத்தியைக் கற்றுக்கொடுத்ததாகச் சொல்லப்படும் ஹென்றி போர்டின் கதையும் இதைத்தான் சொல்கிறது. 1913இல் அமெரிக்காவின் டெட்ராய்ட் பக்கத்தில் அவருடைய கார் தொழிற்சாலையில், சுமார் 14,000 பேரை வேலையில் வைத்திருக்க அந்த ஓர் ஆண்டில் 52,000க்கும் மேற்பட்டோரைச் சேர்க்க வேண்டியிருந்தது. நாளெல்லாம் ஒரே திருகைத் திருகச் சலித்து, வந்தவர்கள் வந்த வேகத்தில் போனார்கள். 1914 ஜனவரியில் போர்டு என்ன செய்தார்? தொழிலாளிக்கு நீதிபோதனை செய்யவில்லை. ஒன்பது மணி நேரத்துக்கு இரண்டேகால் டாலருக்குச் சற்று மேலிருந்த கூலியை, எட்டு மணி நேரத்துக்கு 5 டாலர் என்று அறிவித்தார். ஆலை வாசலில் கூட்டம் கட்டுக்கடங்கவில்லை. அந்த 5 டாலரைப் பெற, வீட்டுக்கு ஆள் அனுப்பித் தொழிலாளியின் ஒழுக்கத்தை விசாரிக்கும் அவமானமும் கூடவே வந்தது. போர்டு தருமப் பிரபு அல்லர். ஆனால் ஆள் ஏன் நிற்பதில்லை என்ற கேள்விக்கு விடை எங்கே இருக்கிறது என்பது அந்த முதலாளிக்குத் தெரிந்திருந்தது. நூறு ஆண்டுகளுக்குப் பிறகும் நம்மவர்களுக்குத் தெரியவில்லை!

என் கதை

இப்போது என் கதைக்கு வருகிறேன். பெரிய கதையில்லை. பதினெட்டு வயதில் ராஜபாளையம் பக்கத்து நூற்பாலை ஒன்றில் சேர்ந்தேன். மூன்று ஆண்டுகள் 'பயிலுநர்' என்றே வைத்திருந்தார்கள். முதல் மாதத்திலேயே வேலை கைவந்துவிட்டது. மிச்ச முப்பத்தைந்து மாதமும் நான் எதைப் பயின்றேன் என்று இன்றுவரை தெரியவில்லை. பஞ்சுத் தூசியில் இருமல் பிடித்தது. ஒரு நாள் இரவு ஷிப்டில், மறுநாள் தங்கையின் நிச்சயதார்த்தத்துக்கு விடுப்புக் கேட்டேன். மேற்பார்வையாளர் நிமிர்ந்துகூடப் பார்க்காமல், "போறதுன்னா ஒரேயடியாப் போயிரு" என்றார். போய்விட்டேன்.

கரமனையில் ஊர்க்காரர் ஒருவர் மேஸ்திரியாக இருந்தார். அவரிடம் சிமெண்டுச் சட்டி தூக்கினேன். உடம்பு வலிதான். ஆனால் முதல் சனிக்கிழமை மாலை கூலியை எண்ணிக் கையில் கொடுத்தபோது, "ஞாயிறு வர முடியாதுன்னா இப்பவே சொல்லிரு தம்பி" என்றார். என்னை ஒருவர் கேட்கிறார்! வயிற்றுக்காக ஆலையை விட்டேன் என்றுதான் இதுநாள்வரை சொல்லிவந்திருக்கிறேன். யோசித்தால், அந்த நிமிராத தலைக்காகவும்தான் விட்டேன்.

ஆலையில் எனக்குச் சங்கம் இருந்திருந்தால் நான் விட்டிருப்பேனா? விடாமல் கேட்டிருப்பேன். 2024 செப்டம்பரில் சுங்குவார்சத்திரத்தில் சாம்சங் தொழிலாளர்கள் ஒரு மாதத்துக்கும் மேலாக வேலைநிறுத்தம் செய்தார்கள். அவர்கள் முதலில் கேட்டது, தங்கள் சங்கத்தை ஏற்றுக்கொள்ள வேண்டும் என்பதை. உள்ளே நின்று பேச வழியுண்டு என்று நம்பியவர்கள் நின்று போராடினார்கள்; 2025 ஜனவரியில் சங்கப் பதிவும் பெற்றார்கள். அந்த வழியில்லாதவன் மூட்டையைக் கட்டுகிறான். விலகிப் போவது என்பது சங்கமில்லாதவன் செய்யும் வேலைநிறுத்தம். ஒரு வேறுபாடு: அதில் யாரும் பேச்சுவார்த்தைக்கு அழைப்பதில்லை.

பிறப்பால் கட்டவும் வேண்டாம்

இங்கே ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். பாரம்பரியத் தொழில் அழிகிறதே என்று கண்ணீர் விடுவோர் சிலர், நெசவாளி மகன் நெசவாளியாகவே இருக்க வேண்டும் என்று நினைக்கிறார்கள். அது நம் வழியல்ல. 1953இல் பாதி நாள் பள்ளி, மீதி நாள் அப்பன் தொழில் என்று ராஜாஜி கொண்டுவந்த திட்டத்தைக் குலக்கல்வி என்று தமிழ்நாடு எதிர்த்தது. 1954இல் காமராஜர் அதைக் கைவிட்டார். சாலியத் தெருப் பெண் நர்சாகவோ ஆசிரியையாகவோ ஆகித் தறியை விட்டால் அது இழப்பல்ல, வெற்றி. கதவு திறந்து வெளியே போவது வேறு. கூரை இடிந்து விழுந்து வெளியே ஓடுவது வேறு. நாம் பேசுவது இரண்டாவதைப் பற்றி. விரும்பி நெய்ய நினைப்பவன், எந்தச் சாதியில் பிறந்தவனாயினும், நெய்து மானமாக வாழ முடிய வேண்டும்.

இன்னொரு கசப்பையும் மறைக்கக் கூடாது. பாலராமபுரம் என்ற பெயரில் கடைகளில் விற்கும் விலை மலிந்த துணியில் ஒரு பங்கு விசைத்தறித் துணி. அது வருவது பெரும்பாலும் நம் தமிழ்நாட்டிலிருந்து. இங்கே தமிழ் பேசும் கைத்தறியாளியின் சோற்றில் அங்கே தமிழ் பேசும் வியாபாரி கைவைக்கிறான். இதில் விசைத்தறித் தொழிலாளியைப் பகைப்பதில் பயனில்லை. அவனும் இரவெல்லாம் சத்தத்தில் நின்று காது மந்தமாகி ஒருநாள் விட்டுப் போகிறவனே. பெயரைத் திருடி லாபம் பார்ப்பவனைத்தான் பிடிக்க வேண்டும். கைத்தறிக்கு ரகங்களை ஒதுக்கி 1985இல் சட்டம் வந்தது. முதலில் 22 ரகங்கள், பின்னர் 11 ஆகச் சுருங்கின. 2006இல் கைத்தறி முத்திரை வந்தது. முத்திரையைச் சரிபார்க்கத்தான் ஆளில்லை.

இதன் விளைவை நாட்டுக் கணக்கே காட்டுகிறது. கைத்தறித் தொழிலாளர் எண்ணிக்கை 1995-96 கணக்கெடுப்பில் 65 லட்சத்துக்கு மேல். 2009-10இல் 43 லட்சம். 2019-20இல் 35 லட்சம். கடைசிக் கணக்கெடுப்பில் நெசவாளர் குடும்பங்களில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு, மாதம் 5,000 ரூபாய்க்கும் கீழே சம்பாதிப்பவை. நெசவாளர்களில் நூற்றுக்கு 70க்கு மேல் பெண்கள். 2020 ஜூலையில், நெசவாளர் குரல் தில்லிக்கு எட்டுவதற்கென்று இருந்த அகில இந்தியக் கைத்தறி வாரியத்தையும் மத்திய அரசு கலைத்துவிட்டது. கால் நூற்றாண்டில் 30 லட்சம் பேருக்கு ஒரே நேரத்தில் சோம்பல் பிடித்துவிட்டது என்று சொல்வோர் இதற்குப் பதில் சொல்லட்டும்.

என்ன கேட்கிறோம்?

ஒன்று: உருப்படிக் கூலியைத் தீர்மானிக்கும்போது, சுற்றுதல், பாவு ஓடுதல், கஞ்சி தோய்த்தல், பிணைத்தல் ஆகிய அத்தனை வேலைக்குமான நாட்களைக் கணக்கில் சேர்க்க வேண்டும். அவற்றைச் செய்யும் பெண்களின் பெயர் பேரேட்டில் தனியே ஏற வேண்டும். நலநிதியிலும் சேர வேண்டும்.

இரண்டு: கூலி வாரா வாரம் கிடைக்க வேண்டும். சீருடைத் திட்டமாயினும் சங்கமாயினும், பாக்கி நின்றால் வட்டியோடு தர வேண்டும்.

மூன்று: மழையில் வேலை நிற்காதபடி, கூரையுள்ள பொதுப் பாவுக் கூடங்கள் தெருவுக்குத் தெரு வேண்டும்.

நான்கு: பாலராமபுரம் என்ற பெயரில் விற்கும் கடைகளில், குறிப்பாக ஓணத்துக்கு முன்பு, கண்டிப்பான சோதனை வேண்டும்.

இவை அரசாங்கத்துக்கு. நமக்கும் வேலை உண்டு. இந்த நகரத் தமிழர்கள் நாம் ஓணத்துக்கும் பொங்கலுக்கும் துணி எடுக்கிறோம். நம் சங்கம் மொத்தமாகப் பேசி, பாலராமபுரத்து நெசவாளர் சங்கங்களிலிருந்து நேரே வாங்கி, ரொக்கமாகப் பணம் கொடுத்தால் என்ன? நம்மில் மேஸ்திரிகளும் சிறு பட்டறைக்காரர்களும் இருக்கிறார்கள். நம்மிடம் வேலை செய்யும் அசாமியப் பையனுக்கும் வங்காளப் பையனுக்கும் சனிக்கிழமைக் கூலியைச் சனிக்கிழமையே கொடுக்கிறோமா? விடுப்புக் கேட்டால் தலை நிமிர்ந்து பார்க்கிறோமா? அடுத்த மாதம் அவன் வராவிட்டால், "ஓடிப்போய்விட்டான்" என்று சொல்லுமுன் இதைக் கேட்டுக்கொள்வோம்.

அன்று நான் கிளம்பும்போது அந்தப் பெரியவரிடம், "உங்களுக்கப்புறம் இந்தத் தறியில யார் உக்காருவா அண்ணாச்சி?" என்று கேட்டேன்.

"உக்கார ஆள் உண்டும் தம்பி. இளைய மவனுக்கு இப்பமும் இதுல ஆசைதான். ராத்திரி வந்தா ரெண்டு இழை போட்டுப் பாப்பான். சனிக்கிழம துட்டு வரும்னு யாராச்சும் ஒருத்தன் உறுதி சொல்லட்டும், திங்கக்கிழம அவன் குழியில எறங்குவான்" என்றார்.

அந்த உறுதியைச் சொல்ல வேண்டியவர்கள் தலைமைச் செயலகத்தில் இருக்கிறார்கள். அவர்கள் காதில் விழும்வரை கேட்க வேண்டியவர்கள் நாம்.